துவாஸில் ஒன்று, ஜாலான் புசாரில் ஒன்று

போன மாதம் பிரியா ஒரு படம் அனுப்பினாள். நான் விலகும்போது என் வேலையை எடுத்துக்கொண்ட பெண் அவள். படத்தில் இருந்தது துவாஸ் கட்டடத்தில் நாங்கள் சர்வர் வைத்திருந்த அறை. காலியாக இருந்தது. ரேக்குகள் நின்ற இடத்தில் மட்டும் தரை வெளுத்துக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. “அக்கா, எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனிமே எல்லாமே கிளவுட்தான். உங்க காலத்துல எப்படி இருந்துச்சுன்னு ஆபீஸ் நியூஸ்லெட்டருக்கு எழுதிக் குடுங்களேன். ஒரு பேஜ் போதும், நான் இங்கிலீஷ்ல மாத்திக்கிறேன்” என்று கேட்டிருந்தாள்.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த வருடம் எந்த எந்திரம் வந்தது, எத்தனை டிஸ்க் இருந்தது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதில் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் உயர்நிலைப் பள்ளி நான்காம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள். அதற்கு மேல் படிக்க மதிப்பெண்ணும் இல்லை, வகுப்பில் கை தூக்கிப் பேசும் தைரியமும் இல்லை. ஒரு நிறுவனத்தில் சாயங்காலம் டேப் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றன்றைக்கு எழுதிய தரவை டேப்பில் பிரதி எடுத்து, உறை போட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. சில வருடங்களில் டேப் போய் டிஸ்க் வந்தது. சர்வரைத் திறந்து மூடவும், கேபிள் இழுக்கவும், கட்டளைகளைத் தட்டவும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் உண்டு. உண்மையான பயிற்சி ரஹீமா அக்கா வந்த பிறகு தொடங்கியது.

முதலில் அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் சின்ன இடங்கள். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்று, அச்சகங்கள், பள்ளிப் பேருந்து விடும் நிறுவனம் ஒன்று. பெரிய வாடிக்கையாளர் என்றால் டயாலிசிஸ் நிலையங்கள்தான். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில், பல வட்டாரங்களில் அவர்களுக்கு நிலையங்கள் இருந்தன. நோயாளி வந்ததும் எடை பார்ப்பார்கள், போன தடவை எவ்வளவு இருந்தார், என்ன மருந்து ஏற்ற வேண்டும், எது ஒத்துக்கொள்ளாது என்று பார்ப்பார்கள். அத்தனையும் எங்கள் சேமிப்பு சர்வரில் இருந்தது. பல கணினிகள் தூரத்திலிருந்து வந்து திறக்கிற ஒரு பொது அலமாரி என்று அதை நினைத்துக்கொள்ளலாம்.

அலமாரி ஒன்றுதான் என்றால் அது கெட்டுப்போகிற நாளில் எல்லாம் நின்றுவிடும். ஆகவே இரண்டு வைத்திருந்தோம். ஒன்று நகரத்துக்குள் ஜாலான் புசாரில், ஸ்க்ரூவும் குழாயும் விற்கிற கடைக்கு மேல் மாடியில் ஒரு பழைய அறையில். இன்னொன்று மேற்குக் கோடியில், தொழிற்சாலைகள் நிறைந்த துவாஸில். ஒன்று வேலை செய்யும். அதில் எழுதப்படுவதெல்லாம் அந்த நொடியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று விழுந்தால் மற்றது எழுந்து நின்று வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், துவாஸ் எந்திரத்துக்கு ஜாலான் புசாரிலிருந்து பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எந்திரம் செத்திருக்கலாம். அல்லது நடுவில் இருக்கும் லைன் மட்டும் அறுந்து, அது பாட்டுக்கு அங்கே வேலை செய்துகொண்டிருக்கலாம். துவாஸில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அங்கே உயிரோடு இருக்கும்போது இங்கேயும் எழுப்பிவிட்டால், இரண்டு அலமாரியிலும் தனித்தனியாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்னது ஒரு பக்கம் மட்டும் இருக்கும். மறுபக்கத்தைப் பார்க்கிற நர்ஸ் அதே மருந்தை ஏற்றிவிடுவார். அப்புறம் இரண்டையும் ஒட்டிச் சேர்க்க எந்த மென்பொருளாலும் முடியாது. எங்கள் வேலையில் சர்வர் விழுவதைவிட நாங்கள் அதிகம் பயந்தது இதற்குத்தான்.

ரஹீமா அக்கா வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற சீனியர் எஞ்சினியராக வந்தார். குடும்பம் நாகூர்ப் பக்கம். அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குட்டையான உருவம், பெரிய குரல். சர்வர் அறையில் விசிறிகளின் இரைச்சலில் கத்திப் பேசிப் பேசி, வெளியே காப்பிக் கடையிலும் அப்படியே பேசுவார். என் குரலோ எனக்கே கேட்காது.

அவரிடம் ஒரு வேலை முடிந்தது என்று சும்மா சொல்ல முடியாது.

“அக்கா, டிஸ்க் காப்பி எடுத்து முடிஞ்சிருச்சு.”

“யார் பார்த்தா?”

“ஸ்க்ரீன்ல வந்துச்சு.”

“ஸ்க்ரீன் என்ன வேணா சொல்லும்லா. நீ ரெண்டு பக்கமும் ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தியா?”

பார்த்த பிறகு போய்ச் சொன்னால் “ம்” என்பார். பாராட்டு அவ்வளவுதான். அந்த “ம்”முக்காக நான் எத்தனையோ ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

அவர் கொண்டுவந்த வழக்கம் இரண்டு. முதலாவது, ஒரு சர்வர் ஜோடியைக் கட்டி முடித்தவர் தன் கையாலேயே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். அதுவும் பகலில், வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே. என் முதல் ஜோடியை ஜாலான் புசாரில் கட்டி முடித்த அன்று என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

“புடுங்கு.”

“நானா அக்கா?”

“நீதானே கட்டினே.”

கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தேன்.

“அடியே, கண்ணைத் திறந்துக்கிட்டுப் புடுங்கு. அது ஏர்கானோட வயரு.”

சரியான கம்பியைப் பிடுங்கினேன். பச்சை விளக்குகள் அணைந்தன. துவாஸில் மற்றது எழுந்துவிட்டதாகத் திரையில் வந்தது. அக்கா ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் போட்டு, ஒரு நர்ஸிடம் ஒரு நோயாளியின் பதிவைத் திறந்து பார்க்கச் சொல்லி, அவர் திறந்து பார்த்துச் சொன்ன பிறகு என்னைப் பார்த்து “ம்” என்றார்.

இரண்டாவது வழக்கம், மாதத்துக்கு ஒரு முறை எந்திரங்களின் பொறுப்பை இடம் மாற்றுவது. ஒரு மாதம் ஜாலான் புசார் முதன்மையாக இருந்து வேலை செய்யும், துவாஸ் பிரதி எடுக்கும். அடுத்த மாதம் துவாஸ் முதன்மை. மற்ற இடங்களில் இரண்டாவது எந்திரம் வருடக்கணக்காகச் சும்மாவே நிற்கும். தேவைப்படுகிற அன்று எழுப்பினால் ஏதாவது ஒன்று சரியாக இருக்காது. இங்கே இரண்டும் மாறி மாறி உழைத்ததால் இரண்டைப் பற்றியும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

என்னைத் துவாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா ஜாலான் புசாரில் இருந்தார். பூன் லே ரயில் நிலையத்திலிருந்து பஸ் பிடித்து, லாரிகளுக்கு நடுவே போகிற பயணம். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. கேன்டீனில் தொழிற்சாலை வேலைக்கு வந்த வங்காளத் தம்பிகளும் நம் ஊர்த் தம்பிகளும் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் படுத்திருப்பார்கள். நான் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு தே ஓ கோசோங் தேநீர் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவேன். மாதம் ஒரு முறை இடம் மாற்றும் நாளில் இரண்டு பேரும் போனை எடுத்து வைத்துக்கொள்வோம்.

அந்த நேரத்தில் அக்கா உட்கார மாட்டார், செருப்பையும் கழற்றிவிட்டு நிற்பார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. குரலைத்தான் கேட்டேன். ஒவ்வொரு படியையும் அவர் வாசிப்பார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாக எழுதுவதை நிறுத்து. நிறுத்தியாச்சு. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? இருக்கிறது. பிறகு அவர் சொல்வார்:

“ஜாலான் புசார் விட்டாச்சு.”

“துவாஸ் பிடிக்கிறேன் அக்கா.”

விட்டதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் சில நொடிகள் உண்டு. அப்போது அந்தத் தரவு யார் கையிலும் இருக்காது. அத்தனை நோயாளிகளின் எடையும் மருந்தும் நடுவில் எங்கேயோ இருக்கும். போனில் இரண்டு பேரும் பேச மாட்டோம். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். பிறகு என் திரையில் விளக்குகள் வரும், ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்பேன்.

“துவாஸ் பிடிச்சாச்சு. திறந்து பார்த்தேன்.”

“என்னா பத்மா, உன் குரலைப் போனுக்குள்ள கைய விட்டுத் தேட வேண்டியிருக்கு. சத்தமாச் சொல்லு லா. சர்வர் ஒண்ணும் உன்னைப் பொண்ணு பாக்க வரலை.”

வாழ்க்கையில் நான் யாரோடும் அவ்வளவு நெருக்கமாக எதையும் செய்ததில்லை. அந்தச் சில நொடி அமைதிக்காக ஒவ்வொரு மாதமும் காத்திருப்பேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

இரண்டு எந்திரங்களும் ஒன்றையொன்று காண முடியாமல் போனால் யார் பிடிப்பது என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதில் தரவு இருக்காது. இரண்டையும் கவனித்துக்கொண்டு, இன்னார்தான் உயிரோடு இருக்கிறார் என்று வாக்குச் சொல்லும். நாங்கள் அதைச் சாட்சிப் பெட்டி என்போம். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். முக்கியம் என்னவென்றால் அது மூன்றாவது ஓர் இடத்தில் இருக்க வேண்டும். நிறுவனம் மூன்றாவது இடத்துக்கு வாடகை தர மறுத்துவிட்டது. அக்கா தன் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், கடையைப் பிடித்தார்.

சிராங்கூன் ரோட்டில் கைலி, தொப்பி, அத்தர் விற்கிற கடை. வருடம் முழுக்கத் திறந்திருக்கும், சாச்சா ஒரு நாள் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை. அத்தர் பாட்டில்களுக்குப் பக்கத்து அலமாரியில் பெட்டியை வைத்தோம்.

“இது என்னம்மா செய்யும்?” என்று சாச்சா அக்காவிடம் கேட்டார்.

“ரெண்டு பேருக்கு நடுவுல பேச்சு வார்த்தை இல்லாமப் போனா, யாரு பக்கம்னு சொல்லும் சாச்சா.”

“நம்ம வீட்டுல அது என் வேலைல்ல? என்னையவே கேட்டிருக்கலாம், கரண்டு செலவாவது மிச்சம்.”

பெட்டி நன்றாக வேலை செய்தது. மழை பலமாகப் பெய்கிற நாட்களில் மட்டும் எங்கள் திரையில் அதன் விளக்கு கொஞ்ச நேரம் சிவப்பாகி, பிறகு பச்சையாகும். பழைய கட்டடம், மழையில் லைன் போகிறது என்று நினைத்துக்கொண்டோம். இரண்டு சர்வர்களும் நன்றாக இருக்கும்போது சாட்சி இல்லாததால் எதுவும் கெடப் போவதில்லை.

சில வருடங்கள் கழித்து நிறுவனம் கை மாறியது. புதிதாக வந்தவர்கள் இரண்டு இடத்துக்கு ஏன் செலவு என்று கேட்டார்கள். ஜாலான் புசார் கட்டடத்தின் மின் இணைப்பைச் சரி செய்ய வேண்டும், சாட்சிக்கு நல்ல இடம் வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்கள் சொன்னது இது: டயாலிசிஸ் நிலையங்களோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவுகள் கிடைக்காமல் போகக் கூடாது என்று இருக்கிறது. இந்த வருடம் அப்படி ஒரு முறை ஆனால், ஜாலான் புசாரை மூடிவிட்டு வெளியே ஒரு பெரிய நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்துவிடுவோம். அக்காவின் ஒப்பந்தமும் அதோடு முடியும்.

துவாஸ் கேன்டீனுக்கு வந்து அவரேதான் இதைச் சொன்னார். “ஒரு மணி நேரம் கீழே போனா நான் வீட்டுக்கு. தெரிஞ்சு வச்சுக்க.”

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? எனக்கு வேற எடம் கிடைக்கும்லா. உன்னைத்தான் யாரு கட்டிக்கிட்டு அழுவா.”

சிரித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் திரையில் அந்தப் பச்சை விளக்குகளைப் பார்க்கும்போது, அக்கா இங்கே இன்னும் இருக்கிறார் என்றே நினைத்துக்கொள்வேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, மதியம். அந்த மாதம் ஜாலான் புசார் முதன்மை. துவாஸில் கடல் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. தம்பிகள் மரத்தடியிலிருந்து எழுந்து லாரித் தார்ப்பாய்க்குள் ஓடினார்கள். முதலில் சாட்சிப் பெட்டியின் விளக்கு சிவப்பானது. மழைதானே என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய இடி. அதன் பிறகு ஜாலான் புசாரிலிருந்து பதில் வரவில்லை.

துவாஸ் எந்திரம் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே நடந்துகொண்டது. கூட்டாளியும் இல்லை, சாட்சியும் இல்லை என்றால் தானாக எழக் கூடாது. கதவை மூடிக்கொண்டு, வலிந்து எழுப்பும் கட்டளையை மனிதர் யாராவது தரும்வரை காத்து நின்றது.

ஜாலான் புசார் அறைக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அன்று அங்கே யாரும் இல்லை. அக்கா தூரத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். கீழே உள்ள ஸ்க்ரூ கடைக்குப் போட்டேன். கடையில் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது என்றார் எடுத்தவர். அப்படியென்றால் மேலே சர்வரும் ஓடிக்கொண்டிருக்கலாம். மேலே அறை பூட்டியிருந்தது, சாவி அக்காவிடம். சாச்சாவின் போன் அணைந்திருந்தது. நகரப் பக்கமுள்ள இரண்டு டயாலிசிஸ் நிலையங்கள் ஜாலான் புசாரோடு நேரடியாக இணைந்தவை. அவர்களால் இன்னும் எழுத முடிகிறதா என்று கேட்கப் போட்டேன். லைன் பிஸியாகவே இருந்தது.

அக்காவைப் பிடித்தேன். டாக்சியில் இருந்தார்.

“அக்கா, ஜாலான் புசார் பேசலை. சாட்சியும் இல்லை.”

“கீழ்க்கடை?”

“லைட் எரியுதாம்.”

“நான் அங்க போறேன். பார்த்துட்டுச் சொல்றேன்.”

டயாலிசிஸ் நிலையங்களிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. ஒரு நர்ஸ் கோபப்படாமல் பேசினார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “பேப்பர்ல எழுதிக்கிட்டிருக்கோம். ஆனா போன தடவை எவ்வளவு எடைன்னு பேஷன்ட்டைக் கேட்டா, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிறாரு. புதுசா ஊசி போட வேண்டியவங்களை உக்கார வச்சிருக்கோம். சீக்கிரம் பாருங்க, ப்ளீஸ்.”

பிறகு சேகர் சார் கூப்பிட்டார். வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்பவர். நல்ல மனிதர். அக்காவுக்காக மேலிடத்தில் பேசியவர் அவர் ஒருவர்தான்.

“பத்மா, அந்த ஃபோர்ஸ் கமாண்ட் போட்டா துவாஸ் எழுந்துரும்ல?”

“எழுந்துரும் சார்.”

“அந்தப் பக்கம் செத்துருச்சுன்னு நினைக்கிறீங்களா?”

“பத்துல ஒம்போது செத்திருக்கும் சார்.”

“அப்புறம் என்ன? போடுங்க.”

“அந்த ஒண்ணா இருந்துச்சுன்னா சார்…”

“இருந்தா அப்புறம் பாத்துக்கலாம். பத்மா, கம்பெனிக்காக நான் கேக்கல. ஒரு மணி நேரம் தாண்டிச்சுன்னா ரஹீமா இங்க இருக்க முடியாது. உங்களுக்குத் தெரியும்ல? அவங்கள நீங்கதான் காப்பாத்த முடியும்.”

போனை வைத்த பிறகு அந்தக் கட்டளையைத் தட்டினேன். நீளமான வரி. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. என்டர் விசையை அழுத்தினால் போதும். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மறுபடி கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் அவர் குரலே சிறியதாகக் கேட்டது. “டாக்சி நகரலை. ரோட்டுல தண்ணி. எறங்கி நடக்குறேன்.”

“அக்கா, சேகர் சார் கூப்பிட்டாரு.”

“என்னையும் கூப்பிட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அதை விடு. அங்க உக்காந்திருக்கிறது நீதான்.” வைத்துவிட்டார்.

அழுத்தாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அழுத்து என்று சொல்லியிருந்தால் அதுவும் எளிது. நான் அவரை இழக்க விரும்பவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அது ஒன்றுதான் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் விசையை அழுத்த நினைக்கும்போதெல்லாம், நகரத்தில் ஏதோ ஒரு நிலையத்தில் யாரோ ஒரு டாக்டர் அந்த நிமிடம் ஒரு மருந்தை நிறுத்திவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவது போலவே தோன்றியது. அவரை எனக்குத் தெரியாது. அவர் எழுதியது ஜாலான் புசாரில் இருக்கிறதா என்றும் தெரியாது. விரலை எடுத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கடந்தது. சேகர் சார் மறுபடி கூப்பிடவில்லை.

அக்கா கூப்பிட்டபோது அவருக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி மரத்தில் காலடிச் சத்தம். பூட்டைத் திறக்கும் சத்தம்.

“இருட்டா இருக்கு. ஒரு விளக்கும் இல்லை. மாடிக்கு மட்டும் கரண்டு போயிருக்கு. பேட்டரியும் செத்துருச்சு.” ரேக்கின் கதவை இழுப்பது கேட்டது. “எந்திரத்து மேல கை வச்சிருக்கேன். ஆடலை. ரெண்டு பவர் வயரையும் புடுங்கிட்டேன், கரண்டு வந்தாலும் எந்திரிக்காது. பத்மா, ஜாலான் புசார் விட்டாச்சு.”

“துவாஸ் பிடிக்கிறேன் அக்கா.”

அழுத்தினேன். எழுந்தது. ஒரு வரி கூடத் தவறவில்லை. பத்தில் ஒன்பதுதான் உண்மையாக இருந்தது. சேகர் சார் கேட்டபோதே அழுத்தியிருந்தால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது.

“பிடிச்சாச்சு. ஃபைல் திறந்து பார்த்தேன்.”

“நல்லவேளை முன்னாடியே அழுத்தாம இருந்தே. அழுத்தியிருந்தா நான் வந்து உன் காதைத் திருகியிருப்பேன்” என்றார். தும்மினார். “முழுக்க நனைஞ்சுட்டேன் லா. கீழ்க்கடையில ஒரு துண்டு வாங்கணும்.”

சாட்சி ஏன் பேசவில்லை என்பது சாயங்காலம் நாங்கள் இருவரும் கடைக்குப் போனபோது தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கடையைப் பூட்டும் முன், இடி உறுமியதைக் கேட்டு, சாச்சா எப்போதும் செய்வதைச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

“இடி இடிச்சா எல்லாப் பிளக்கையும் கழட்டிருவேன்மா. உன் பெட்டியைத்தான் மொதல்ல கழட்டுவேன். கைலித் துணி போட்டு மூடி வேற வப்பேன். உன் சாமான் எரிஞ்சு போச்சுன்னா என் அண்ணன், உங்க அத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அக்கா கடை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மழையில லைன் போகுது, லைன் போகுதுன்னு நானே ஊர் பூரா சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு மழை நாள்ல இங்க வந்து பார்க்கலை பாரு.”

“நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?” என்றார் சாச்சா.

“இல்லை சாச்சா. நீங்க பத்திரமா வச்சிருந்தீங்க” என்றார் அக்கா.

மேலிடத்தில் யாரும் சத்தம் போடவில்லை. நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தது உண்மை; அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். டயாலிசிஸ் நிலையங்கள் வேறிடம் போயின. ஜாலான் புசார் மூடப்பட்டது. அந்த வருடம் முடிந்ததும் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

எந்திரத்தைக் கழற்ற நானும் அவரும் ஜாலான் புசார் போனோம். தரவையெல்லாம் முதலிலேயே துவாஸுக்கு மாற்றியாகிவிட்டது. கடைசிக் கம்பியையும் பிடுங்கியதும் விசிறிகள் மெல்ல நின்றன. அந்த அறையை நான் அமைதியாகப் பார்த்ததே இல்லை. கீழே கடையில் யாரோ குழாய் அறுப்பது, தெருவில் சைக்கிள் மணி, எல்லாம் மேலே வந்தன. அக்கா இன்னும் கத்தியே பேசினார். பிறகு தன் குரல் தனக்கே கேட்டது போல நிறுத்தினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

எவ்வளவோ நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அக்கா, அது செத்துதானே கிடந்துச்சு. அப்பவே நான் அழுத்தியிருந்தா நீங்க போக வேண்டி இருந்திருக்காதே.”

“செத்துக் கிடக்குன்னு அப்ப உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதான் நடந்து போனேன்.” ஸ்க்ரூகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டார். “அன்னிக்கு அந்தத் தண்ணிக்குள்ள நடக்கும்போது ஒரு பயமும் இல்ல எனக்கு. நீ அங்க இருக்கேன்னு தெரியும். முப்பது வருசம் வேலை பார்த்ததுல அப்படி ஒரு ஆள் அந்தப் பக்கம் இருந்தது எனக்கு அந்த ஒரு எடத்துலதான்.”

நானும் அதையே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஸ்க்ரூப் பையின் வாயைக் கட்டினேன். அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, ரேக்கின் அந்தப் பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். இறக்கி வைத்தோம்.

அக்கா இப்போது மகளோடு ஈப்போவில் இருக்கிறார். தீபாவளிக்கு அவர் வாழ்த்து அனுப்புவார், நோன்புப் பெருநாளைக்கு நான் அனுப்புவேன். நீளமாக எழுத ஆரம்பிப்பேன், பிறகு அழித்துவிட்டு இரண்டு வரி போடுவேன். அவர் போன பிறகும் அதே நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். பிறகு அந்தப் பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஏற்பாடு நன்றாகவே இருந்தது. மூன்று சரியான இடங்கள், ஒன்று விழுந்தால் அடுத்தது தானாக எழும். பிரியாவும் அவளோடு இருந்த பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். நான் இருந்தவரை எந்த வாடிக்கையாளரும் காத்திருக்க நேரவில்லை. யாரும் யாரையும் போனில் கூப்பிடவும் தேவைப்படவில்லை.

இப்போதும் மதியத்தில் இடி இடித்தால், காயப்போட்ட துணியை மூங்கில் கழியோடு உள்ளே இழுத்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கத்திலேயே நின்றுவிடுவேன். மனதுக்குள் அந்த நீள வரி திரையில் இருக்கும். அந்தப் பக்கம் செத்துக் கிடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் அழுத்துகிறேன். துவாஸ் எழுகிறது. நர்ஸ் நன்றி சொல்லி வைக்கிறார். அக்கா டாக்சியை விட்டு இறங்கவே இல்லை, நனையவும் இல்லை. வருடம் முடிகிறது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலையில் போன் செய்து, அடுத்த இடமாற்றத்தை எந்த நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறார். எந்த நாளாக இருந்தாலும் எனக்குச் சரி என்கிறேன்.